பெரிய ஆட்டமும் சிறிய கருவியும்



புனேயிலிருந்து மும்பை செல்லும் பழைய நெடுஞ்சாலையில், தாபோடியைக் கடந்து பிம்பிரியை அடையுமுன் வருவது கசார்வாடி. மராத்தியில் கசார் என்னும் சொல் வளையல் விற்போரையும், செம்பு பித்தளைக் கலம் செய்வோரையும் குறிக்கும். இன்று அவ்வூரில் மிகுதியாகக் கேட்பது கலம் தட்டும் ஓசையன்று, வண்டிகளின் இரைச்சலே. லோணாவளா செல்லும் புறநகர் ரயில் அங்கே நிற்கிறது. 2022 மார்ச் 6-ஆம் தேதி திறக்கப்பெற்ற மெட்ரோப் பாதையிலும் கசார்வாடிக்கு ஒரு நிலையம் உண்டு. இவ்வண்டிகளில் இளைஞர் சிலர் இரு கைகளாலும் ஒரு சிறு கருவியைப் பற்றிக்கொண்டு, கட்டை விரல்கள் ஓயாமல் இயங்க, தம்மை மறந்து வீற்றிருப்பதைக் காணலாம்.

அப்பகுதியில் நெடுங்காலமாக வசிக்கும் தமிழ் அன்பர் ஒருவர், ஆலைப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர், அண்மையில் என்னிடம் ஒன்று வினவினார். அவருடைய மகன் பொறியியல் முடித்தவன். வீடியோ ஆட்டங்களைப் பெரிய பெட்டியிலிருந்து கைக்கருவிக்கு மாற்றும் வேலைக்குச் செல்ல விரும்புகிறானாம். "தொலைக்காட்சியில் ஆடுகிற ஆட்டம்தானே ஐயா அது? படத்தைச் சுருக்கி இந்தப் பெட்டியில் போட்டுவிட்டால் ஆயிற்று. அதற்கு மாதக் கணக்கில் ஆட்கள் இருந்து என்ன செய்வார்கள்? இது நிலைக்கிற தொழில்தானா?" என்பது அவர் கேள்வி. பிழைப்பைத் தேடி ஊர் விட்டு வந்த குடும்பத்தில் மகனுடைய தொழிலைப் பற்றிய கேள்வி விளையாட்டான கேள்வி அன்று. இது தொழில்தான் என்று அவரிடம் சொன்னேன். ஏன் அவ்வாறு சொன்னேன் என்பதைச் சற்று விரிவாகவே கூற வேண்டும்.

நான் கலைப் பட்டதாரி. யந்திர நூல் கற்றவன் அல்லன். ஆயினும் மொழிபெயர்ப்பே என் அன்றாடத் தொழிலாதலின், இவ்வேலையின் தன்மை எனக்கு அயலாகத் தோன்றவில்லை. ஆங்கிலத்தில் இரண்டே வரியில் அடங்கும் அறிவிப்பு தமிழில் மூன்று வரியாகும். பலகையின் அளவோ மாறாது. எழுத்தைச் சிறுத்தால் தொலைவில் நிற்பவர் படிக்க இயலாது. சொல்லைக் குறைத்தால் சட்டம் கூறும் பொருள் கெட்டுவிடும். எதை விடுவது, எதை விடவே கூடாது என்று தீர்மானிப்பதில்தான் பொழுதெல்லாம் கழியும். பெரிய ஆட்டத்தைச் சிறிய கருவிக்குக் கொணர்வோர் செய்வதும் அதுவே.

முதலில் பலகையின் அளவைப் பார்ப்போம். 2013-இல் வெளிவந்த பிளேஸ்டேஷன் 4 என்னும் ஆட்டப் பெட்டி சுவரிலுள்ள மின்சாரத்தை உண்டு, தொலைக்காட்சித் திரையில் படம் காட்டுவது. அதன் நினைவகம் 8 ஜிகாபைட். 2017 மார்ச் 3-ஆம் தேதி ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட ஸ்விட்ச் என்னும் கருவியின் நினைவகம் 4 ஜிகாபைட். பாதிதானே என்று எண்ணலாம். ஆனால் நினைவகத்திலிருந்து செய்தியை அள்ளித் தரும் வேகத்தை நோக்கினால், முன்னதற்கு வினாடிக்கு 176 ஜிகாபைட், பின்னதற்கு 25.6 மட்டுமே, ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு. களஞ்சியம் பாதியளவு இருந்து, அதன் வாயில் ஏழில் ஒரு பங்காகக் குறுகிவிட்டால் நெல் அளப்பவன் என்ன பாடுபடுவான் என்று எண்ணிப் பாருங்கள்.

இன்னுமொரு சிக்கல் உண்டு. ஸ்விட்ச் கருவியை ஒரு தாங்கியில் பொருத்தித் தொலைக்காட்சியிலும் காணலாம். கையில் எடுத்துச் சென்றும் ஆடலாம். தாங்கியில் இருக்கையில் அதன் படம் வரையும் பகுதி வினாடிக்கு 76 கோடியே 80 லட்சம் முறை துடிக்கிறது. கையில் எடுத்தவுடன் அத்துடிப்பு ஆட்டத்திற்கேற்ப 30 கோடி முதல் 46 கோடி வரையில் இறங்கிவிடுகிறது. பாட்டரியைக் காக்கவும், பிடித்திருக்கும் கை வெப்பத்தை உணராதிருக்கவும் நிறுவனமே செய்த ஏற்பாடு இது. ஆகவே ஆட்டத்தை மாற்றுவோர் ஒரு கருவிக்காக அன்று, ஒரே உடலில் குடிகொண்ட இரு கருவிகளுக்காக வேலை செய்கின்றனர்.

இனிக் காலத்தைப் பற்றி. நடிக்கும் படம் என்று நாம் காண்பது உண்மையில் அடுத்தடுத்து வரும் நிலைப்படங்களின் வரிசையே என்பதை யாவரும் அறிவர். திரைப்படத்தில் அப்படங்கள் முன்னரே எடுத்து முடிந்தவை. ஆட்டத்திலோ ஒவ்வொரு படமும், ஆடுபவன் எந்தப் பொத்தானை அழுத்தினான் என்று பார்த்த பின்பு, அக்கணமே புதிதாக வரையப்பட வேண்டும். வினாடிக்கு 60 படம் எனில் ஒரு படத்திற்குக் கிடைப்பது ஓராயிரத்தில் ஏறத்தாழ 17 பங்கு வினாடி. 30 படம் எனில் 33 பங்கு. தொல்காப்பியர் மாத்திரை என்னும் கால அளவுக்குக் கண்ணிமைப்பையும் கைந்நொடியையும் எல்லையாகக் கொண்டார். அந்த ஓர் இமைப்பிற்குள் மூன்று நான்கு படங்களாவது வரைந்து முடிந்திருக்க வேண்டும். பகைவன் எங்கே நிற்கிறான், அவன் வாள் எவ்வளவு தூரம் வந்துவிட்டது, அடி பட்டதா தவறியதா என்ற கணக்கும் அதற்குள்ளேயே முடிய வேண்டும். கணக்கு ஒரு முறை பிந்தினால் திரை தயங்கும். கதை கேட்பவனுக்கு அத்தயக்கம் பொருட்டன்று. வாளை ஓங்குபவனுக்கு அது தோல்வி.

ஆகையால் இவ்வேலை வெட்டுவதில் தொடங்குவதில்லை, அளப்பதில் தொடங்குகிறது. ஒரு படத்தை வரைய எடுக்கும் காலத்தில் நிழலுக்கு எவ்வளவு, புல்லுக்கு எவ்வளவு, பகைவரின் அசைவுக்கு எவ்வளவு என்று தனித்தனியே கணக்கெடுப்பதற்கென்றே கருவி நிரல்கள் உள்ளன. இல்லத்தரசி மாதச் செலவை எழுதிப் பார்ப்பதைப் போன்றது இது. எழுதிப் பார்த்தால்தான் பணம் அரிசிக்குப் போகவில்லை, காப்பிக்குப் போயிற்று என்பது தெரியவரும்.

அளந்த பின்பு முதலில் குறைவது படப்புள்ளிகள். பிக்ஸல் எனப்படும் இப்புள்ளிகள் தொலைக்காட்சியில் 1920-க்கு 1080 என்ற வரிசையில் அமைந்தால் மொத்தம் 20 லட்சத்து 73 ஆயிரத்து 600. ஸ்விட்ச் கருவியின் 6.2 அங்குலத் திரையில் உள்ளவை 1280-க்கு 720, அதாவது 9 லட்சத்து 21 ஆயிரத்து 600. திரையே சிறிதாதலின் இக்குறைவைக் கண் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. நெருக்கடியான சண்டைக் காட்சியில் புள்ளிகளைத் தற்காலிகமாக மேலும் குறைத்து, அமைதியான காட்சியில் மீண்டும் கூட்டிக்கொள்ளும் முறையும் உண்டு. அடுத்து வருவது பொருள்களின் மேல் போர்த்தும் வண்ணத் துணி போன்ற படங்கள். பக்கத்திற்கு 2048 புள்ளி கொண்ட ஒரு படத்தை 1024 ஆக்கினால் நீளமும் அகலமும் பாதியாகி, அது கொள்ளும் இடம் நான்கில் ஒரு பங்காகிறது. சுவரில் இதைச் செய்யலாம்; கதாநாயகியின் முகத்தில் செய்தால் உடனே தெரிந்துவிடும். தொலைவிலுள்ள மரங்களைச் சில கோணங்களே கொண்ட எளிய உருவங்களாக்குவதும், ஒளியும் நிழலும் விழும் விதத்தைக் கணந்தோறும் கணக்கிடாமல் முன்னரே கணக்கிட்டுச் சுவரோடு சேர்த்து எழுதிவிடுவதும் பிற உபாயங்கள். நகரும் விளக்கொளிக்கு இவ்வுபாயம் பயன்படாது. அசையாத தூணுக்குப் போதும்.

இவ்வகையில் வியக்கத்தக்க எடுத்துக்காட்டு போலந்து நாட்டின் 'விட்சர் 3'. 2015-இல் பெரிய பெட்டிகளுக்கு வெளிவந்த அந்தப் பரந்த ஆட்டத்தை, சேபர் இன்டராக்டிவ் நிறுவனத்தார் மூல ஆசிரியர்களோடு கூடி 2019 அக்டோபர் 15-இல் ஸ்விட்ச் கருவிக்குக் கொணர்ந்தனர். இரண்டு துணைக்கதைகள் உட்பட எல்லாம் 32 ஜிகாபைட் கொண்ட ஒரு சிறு அட்டையில் அடங்கின. கையில் வைத்து ஆடும்போது படத்தின் உயரம் 540 வரிக்கு மேல் போவதில்லை. இலைகள் மங்கின, தொலைவு பனி மூடியது போலாயிற்று, முகங்கள் சற்றுத் தேய்ந்தன. ஆனால் ஒரு கிளைக்கதையும் வெட்டப்படவில்லை. இதற்கு ஈராண்டுக்கு முன், 2017 நவம்பரில், பேனிக் பட்டன் என்னும் அமெரிக்க நிறுவனம் 'டூம்' என்ற சுடும் ஆட்டத்தை அதே கருவிக்குக் கொணர்ந்தபோது வினாடிக்கு 60 படம் என்றிருந்ததை 30 ஆக்கிற்று. ஒரு படத்திற்கான காலம் இரு மடங்காயிற்று. அந்த இடைவெளியில் வேலை முடிந்தது. இவ்விரண்டில் எது சரி என்று கேட்பின், சண்டை ஆட்டத்தில் படத்தின் அழகைக் குறைப்பது எளிய தியாகம், கையின் வேகத்தைக் குறைப்பது பெரிய தியாகம் என்பேன். 'டூம்' ஆசிரியர்கள் அதை வேறு வழியின்றியே செய்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

கையின் வேகம் என்றேன். அதற்குப் பழைய சான்று ஒன்று உண்டு. 2005-இல் பிளேஸ்டேஷன் 2 பெட்டிக்கு வெளிவந்த 'காட் ஆப் வார்' கிரேக்கப் புராணப் பின்னணியில் அமைந்த சண்டை ஆட்டம். அதில் இடக்கைக் குச்சியால் நடப்பதும், வலக்கைக் குச்சியைச் சாய்த்து அடியிலிருந்து புரண்டு தப்புவதும் முறை. அதே ஆட்டமுறையை வைத்து, புதிய கதையொன்றை 2008-இல் ரெடி அட் டான் நிறுவனத்தார் பி.எஸ்.பி. என்ற கைக்கருவிக்கு அமைத்தனர். பி.எஸ்.பி.யின் திரை 480-க்கு 272 புள்ளி. அது பெரிய இடரன்று. அதில் குச்சி ஒன்றே ஒன்று என்பதுதான் இடர்! தப்பிப் புரளுதல் இன்றி அச்சண்டை சண்டையாகாது. கருவியின் தோள்பட்டைகளிலுள்ள இரு பொத்தான்களையும் சேர்த்து அழுத்தியபடி இருக்கும் ஒற்றைக் குச்சியைச் சாய்த்தால் வீரன் புரள்வான் என்று மாற்றியமைத்தனர். பார்ப்பதற்கு அற்பமான மாற்றம். ஆயினும் விரல் வேறிடம் செல்லாமலே, பழகிய வேகத்திலேயே அச்செயல் நடந்தது. கருவியைச் செய்த சோனி நிறுவனமும் ஓர் உதவி புரிந்தது. பாட்டரியைக் கருதி வினாடிக்கு 22 கோடி துடிப்பு என்று கட்டி வைத்திருந்த செயலியை, 33 கோடி வரை ஓட்ட 2007-இல் அனுமதித்தது. அந்தத் தளர்வைப் பயன்கொண்ட ஆட்டங்களுள் இதுவும் ஒன்று.

இவையெல்லாம் அயல்நாட்டுச் செய்திகள். நம்மருகே ஏதும் இல்லையா என்று நேயர்கள் கேட்கலாம். உண்டு. கசார்வாடி அன்பரின் மகன் வெளிநாடு செல்ல வேண்டுவதில்லை. புனே நகரிலேயே நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் என்னும் சிறு நிறுவனம் 'ராஜி: ஆன் ஏன்ஷியன்ட் எபிக்' என்ற சண்டை ஆட்டத்தை உருவாக்கிற்று. கழைக்கூத்து போன்ற வித்தைகள் கற்ற ராஜி என்ற பெண், அசுரர்கள் கவர்ந்து சென்ற தன் தம்பி கோலுவைத் தேடிச் செல்வது கதை. துர்க்கை அவளுக்குத் திரிசூலம் அருள்கிறாள்; கதையை எடுத்துரைப்போர் துர்க்கையும் திருமாலும். அரண்மனைகளிலும் கோட்டைகளிலும் இராசத்தானக் கட்டடக் கலையின் சாயல் தெரிகிறது. 2017-இல் பொதுமக்களிடம் இணையத்தில் நிதி திரட்ட முயன்று இலக்கை எட்டாத அந்நிறுவனம், வேறு வழிகளில் பணியைத் தொடர்ந்து, 2020 ஆகஸ்ட் 18-ஆம் தேதி ஆட்டத்தை வெளியிட்டது. எங்கே முதலில் வெளியிட்டது என்பதே நம் பொருளுக்கு முக்கியம். ஸ்விட்ச் கருவியில்தான்! பெரிய பெட்டிகளுக்கும் கணினிக்கும் அது வந்தது இரு மாதம் கழித்து, அக்டோபர் 15-இல். அவ்வாண்டு உலகப் புகழ் பெற்ற கேம் அவார்ட்ஸ் விழாவில் முதற்படைப்புக்கான பரிசுப் பட்டியலிலும் அது இடம் பெற்றது. இதில் ஒரு விந்தை, அக்கருவி அப்போது இந்தியாவில் அதிகாரபூர்வமாக விற்கப்படவே இல்லை. புனேயில் செய்த பண்டத்தைப் புனேவாசி வாங்க வேண்டுமாயின் இறக்குமதிக் கடையைத் தேடிப் போக வேண்டியிருந்தது.

'ராஜி'யின் அமைப்பைக் கூர்ந்து நோக்கினால், அது சிறிய கருவியில் குடியேற ஏற்றதாக இருப்பதற்குச் சில காரணங்கள் புலப்படும். ஆடுபவன் தன் விருப்பம்போல் காட்சிக் கோணத்தைத் திருப்ப இயலாது. ஆசிரியர் நிறுத்திய இடத்திலிருந்தே எல்லாம் தெரிகிறது. தெருக்கூத்தில் அரங்கின் பின்புறத்தை யாரும் பார்ப்பதில்லை அன்றோ? அதுபோல, கோபுரத்தின் மறுபக்கத்தை இழைத்து இழைத்துச் செய்ய வேண்டுவதில்லை. கதைப் பகுதிகள் நிழற்பாவைக் கூத்தாக அமைந்துள்ளன. முகபாவமும் உதட்டசைவும் நிரம்பிய முழு உருவக் காட்சியைவிட இது யந்திரத்திற்கு இலேசு. நம் மரபுக்கும் பொருத்தம். தோல்பாவைக் கூத்தில் விளக்கு ஒன்று, திரை ஒன்று, பாவை ஒன்று. அதிலேயே இராமகாதை முழுதும் நடந்ததை நம் பாட்டன்மார் கண்டவர்களே. எனினும் இவ்வமைப்பிற்கும் ஒரு விலை உண்டு. காட்சி தொலைவில் நிற்பதால் சிறிய திரையில் ராஜியின் உருவம் விரல் நகத்தளவே ஆகிறது. அசுரர் பலர் சூழும்போது அவள் எங்கே என்று கண் தேட நேரும். தொலைக்காட்சியில் தோன்றாத குறை இது.

கைக்கருவி வீட்டில் மட்டும் இருப்பதன்று, ரயிலில் ஏறுவது. கசார்வாடியிலிருந்து சிவாஜிநகர் வரும் வரையில்தான் ஆடுபவனுக்கு நேரம். இடையில் இறங்க வேண்டி வந்தால், பொத்தானை அழுத்தியவுடன் ஆட்டம் நின்ற இடத்திலேயே உறங்க வேண்டும். மறுநாள் எழுப்பும்போது அதே இடத்தில் எழ வேண்டும். ஜன்னல் வெயில் திரையில் விழும். இருண்ட குகையில் கருநிற அரக்கனைப் படைத்தவர், அக்குகையைச் சற்று வெளிச்சமாக்கியே தீர வேண்டும். வண்டியின் இரைச்சலில் பின்னாலிருந்து வரும் பகைவனின் காலடி காதில் விழாது; ஆகவே அதைக் கருவியின் அதிர்வாகவும் கைக்கு உணர்த்துகின்றனர்.

இனி என் சொந்தத் துறைக்கு வருகிறேன். திரைச் சுருக்கத்தில் முதலில் அடிபடுவது எழுத்து. பத்தடி தொலைவிலிருந்து பெரிய திரையில் படிப்பதற்கு அமைத்த எழுத்து, ஆறு அங்குலத் திரையில் எறும்பு ஊர்ந்தது போலாகிறது. ஆங்கிலத்திற்கே இக்கதி எனில் தமிழைக் கேட்பானேன்? நம் எழுத்துகளுக்கு மேலே சுழியும் கீழே வாலும் உண்டு. மெய்யின் தலைமேல் நிற்கும் புள்ளி, திரையில் ஓரிரு படப்புள்ளிகளே. படத்தைச் சுருக்கும்போது அது கரைந்துவிடும். 'அம்பு' என்பது 'அமபு' ஆகும். ஓலைச்சுவடியில் ஏடு கிழியும் என்று அஞ்சிப் புள்ளியிடாமல் எழுதினர். படிப்பவர் பயிற்சியால் உணர்ந்துகொண்டனர். அப்பயிற்சி இன்றைய சிறுவனுக்கு இல்லை, அதிலும் மராத்தியும் ஆங்கிலமும் பள்ளியில் பயின்று, தமிழை வீட்டில் மட்டும் எழுத்துக்கூட்டும் நம் பிள்ளைகளுக்கு இல்லவே இல்லை. மற்றொன்று: 'கெ' என்னும் எழுத்தில் கொம்பு முன்னே நிற்கிறது, கணினியின் உள்ளேயோ ககரம் முதலிலும் கொம்பின் குறி பின்னும் பதிவாகின்றன. 'கொ' என்பதில் குறி இருபுறமும் பிரிந்து நிற்க வேண்டும். இவ்வொழுங்கை அறியாத ஆட்ட நிரலில் தமிழை இட்டால் கொம்பு இடம் மாறி, படிப்பவர் தலை சுற்றும். 'ராஜி'யின் செம்பதிப்பு 2022-இல் வந்தபோது இந்திக் குரல் சேர்க்கப்பட்டது. அவ்வாறே தமிழைச் சேர்க்க முனையும் எந்த நிறுவனத்திற்கும், எழுத்தின் உயரத்தையும் வரியின் நீளத்தையும் தொடக்கத்திலேயே தமிழுக்கென ஒதுக்கி வைக்கத் தெரிந்த ஆள் வேண்டும். அந்த அன்பரின் மகன் தமிழ் படிக்கத் தெரிந்தவன் என்பது அவனுக்கு ஒரு கூடுதல் தகுதி என்றே அவரிடம் கூறினேன்.

கருவிகள் வளர வளர இவ்வேலை ஒழிந்துவிடாதா என்றும் அவர் கேட்டார். 2025 ஜூன் 5-இல் ஸ்விட்சின் அடுத்த கருவி வந்தது. நினைவகம் 12 ஜிகாபைட், திரை 7.9 அங்குலம். உடனே அதற்கென 2020-ஆம் ஆண்டின் 'சைபர்பங்க் 2077' என்ற மாபெரும் ஆட்டத்தை மாற்றியமைத்து வெளியிட்டனர். சிறிய கருவி ஒரு படி ஏறினால் பெரிய பெட்டி இரண்டு படி ஏறுகிறது. இடைவெளி அப்படியே இருக்கிறது.

'ராஜி'யும் ஸ்விட்சோடு நிற்கவில்லை. பின்னர் நெட்ஃபிளிக்ஸ் நிறுவனத்தின் சந்தாதாரர்களுக்காகக் கைப்பேசியிலும் வெளிவந்தது. கைப்பேசியில் குச்சியும் இல்லை, தோள்பட்டைப் பொத்தானும் இல்லை. பொத்தான்களைத் திரையிலேயே வரைய வேண்டும். விரலுக்கு அழுத்திய உணர்வு கிட்டாது. கண்ணால் பார்த்தே இடமறிய வேண்டும். இரு கட்டை விரல்களும் திரையின் இரு கீழ் மூலைகளையும் மறைத்துக்கொள்ளும். ஆகவே இடம் மாற்றுவோர், எந்த அசுரனும் அந்த இரு மூலைகளிலிருந்து முதலில் தோன்றாதபடி காட்சிகளை மறுபடியும் ஒவ்வொன்றாகப் பார்த்துச் சரிசெய்ய வேண்டியிருக்கும்.